மாடியில் காயப்போட்ட லாட்ஜ் துண்டுகள்

டிரையர் ஓடினால் கரண்ட் பில் எகிறுகிறதாம். கோயில் பக்கத்து லாட்ஜ் துண்டுகளை எல்லாம் மாடியில் வெயிலில் காயப்போடச் சொன்னார் எங்கள் லாண்டரி முதலாளித் தம்பி. ஈரத்துண்டைத் தூக்கி ஏறி என் இடுப்பே கழன்றுவிட்டது.

மத்தியானம் பக்கத்து வயலில் அறுவடை மெஷின் இறங்கியது. மாடியேறிப் பார்த்தால் துண்டு முழுக்க அரிக்கிற நெல் சுணை.

"தம்பி, சாயங்காலம் டெலிவரி கொடுக்கணுமே. இதுல தொடச்சா கோயிலுக்கு வந்த ஜனம் சொறிஞ்சுக்கிட்டேதான் சாமி கும்பிடும்."

"திரும்பத் தொவச்சு டிரையர்லயே போடுங்கக்கா."

"அப்ப மிச்சம் புடிச்ச கரண்டு?"

"பேசாம சுவிட்சப் போடுங்க."

டெலிவரி போய்விட்டது. நான்தான் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறேன். நாளைக்கும் மாடிதானாம்.

எங்கள் பக்கம் அறுப்பு என்றைக்கு முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதுவரைக்கும் காய்ச்சல் என்று சொல்லிவிடுகிறேன்.