அப்பா சொன்ன பிரிட்டிஷ் படங்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஸ்காபரோவில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேல்மாடியில் இயங்கிய சிறிய தமிழ் வானொலியில் அப்பாவுக்கு ஞாயிறு காலை இருபது நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஐம்பதுகளின் பிரிட்டிஷ் படங்களைப் பற்றிப் பேசுவார். முதலில் கிசுகிசு, பிறகு இசை, கடைசியில் கதையும் விமர்சனமும். நான் கல்லூரியில் இலத்திரனியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒலி மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்து கசெற் போடுவதும், நேயர்களின் தொலைபேசி அழைப்புகளை இணைப்பதும் என் வேலை.

ஊரில் அப்பா ஆங்கில ஆசிரியர். புலம்பெயர்ந்து வந்த இங்கே அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை. அங்கே மேற்பார்வையாளருக்கு அவருடைய பெயரே வாயில் வராது. ஞாயிறு மட்டும்தான் அவர் மாஸ்ரர். அந்த இருபது நிமிடமும் போய்விட்டால் அவருக்கு என்ன மிஞ்சும் என்ற பயம் எனக்கு எப்போதும் இருந்தது.

எதையும் பட்டியலிட்டால்தான் எனக்கு விளங்கும். அவர் பேசிய ஒவ்வொரு படத்துக்கும் ஒரு அட்டை எழுதினேன்: நடிகர், இசையமைப்பாளர், கிசுகிசு, முடிவு. முப்பது அட்டைகள் சேர்ந்தபோது ஒன்றைக் கவனித்தேன். இரண்டு படங்களைத் தவிர எல்லாவற்றிலும் கதாநாயகி சாகிறாள். பாதிப் பேர் கடலில் விழுந்து.

நூலகத்தில் ஒரு வீடியோ கசெற் எடுத்து, அப்பா வேலைக்குப் போயிருந்தபோது போட்டுப் பார்த்தேன். கலங்கரை விளக்கக் காவலாளியின் மனைவியைப் பற்றிய படம். நடிகனும் நடிகையும் படப்பிடிப்பில் பேசிக்கொள்ளவே இல்லை என்று அப்பா சொல்லியிருந்தார். நம்பலாம் போலத்தான் இருந்தது. தனியாக வந்து வந்து போகும் கிளாரினெற், அவர் சொன்னபடியே. ஆனால் அந்தப் பெண் கடலில் விழவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் தமக்கையின் வீட்டுக்குப் போகிறாள். இன்னும் இரண்டு படங்கள் எடுத்துப் பார்த்தேன். அவையும் இப்படித்தான்.

பிறகு யோசித்தபோது புரிந்தது. அப்பா படித்தது பாதிரிமார் நடத்திய விடுதியில். படம் பார்க்கத் தடை. லண்டன் சினிமாச் சஞ்சிகைகள் மட்டும் வாசிகசாலைக்கு வரும். படப் பாடல்களும் இசையும் வானொலியில் வரும். சஞ்சிகை விமர்சனங்களில் கதையின் முடிவைச் சொல்ல மாட்டார்கள். அதை அப்பாவே போட்டுக்கொண்டார்.

நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. பாதுகாப்புக்கு ஒரு வழி செய்தேன். யார் அழைத்தாலும் இணைக்குமுன், “நீங்கள் இந்தப் படம் பார்த்தனீங்களோ?” என்று கேட்பேன். ஓம் என்றால், லைன் பிசி என்று சொல்லி வைத்துவிடுவேன். இரண்டு பேரை அப்படி அனுப்பினேன். மூன்றாவது ஆள், படத்தைப் பற்றியல்ல, பாட்டுக் கேட்கத்தான் என்று சொல்லி ஒலிபரப்புக்குள் வந்துவிட்டார்.

“வணக்கம் மாஸ்ரர். பார்க்டேலிலயிருந்து கதைக்கிறன். நான் கொழும்பில தியேட்டரில ரிக்கற் கிழிச்சனான். அந்த லைற்ஹவுஸ் படம் நாலு கிழமை ஓடினது.”

“அப்ப என்னைவிட உங்களுக்குத்தான் கூடத் தெரியும்,” என்று அப்பா சிரித்தார்.

“அதுதான் எடுத்தனான். நீங்கள் அண்டைக்கு அந்தப் பெட்டையைக் கடலுக்கை தள்ளிப்போட்டியள். அவள் சாகேல்லை மாஸ்ரர். கடைசியில...”

லைனை வெட்டிப் பாட்டைப் போட்டேன். கண்ணாடிக்கு அப்பால் அப்பா ஹெட்போனைக் கழற்றாமல் என்னையே பார்த்தார்.

பஸ் தரிப்பில்தான் கேட்டார். “லைன் அறுந்ததோ, நீ வெட்டினனியோ?”

“நான்தான். நீங்கள் படம் பார்க்கேல்லை எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும்.”

“தெரியட்டுமேன். நாப்பது வருசமா எனக்கு அவளுக்கு என்ன நடந்ததெண்டு தெரியாது. சொல்ல வந்த மனுசனை வெட்டிப்போட்டாய்.”

“நான் சொல்லுறன் அப்பா. நான் பார்த்தனான்.”

“எப்ப?”

“ரெண்டு மாசமிருக்கும்.”

பஸ் வந்ததும் அவர் ஏறிப்போய் முன் இருக்கையில் உட்கார்ந்தார். முடிவைக் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு, தான் அந்தப் படங்களில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை, வாசித்தது மட்டும்தான், முடிவுகள் தன்னுடையவை என்று ஒலிவாங்கியில் சொன்னார். பார்க்டேல் நண்பர் தயவுசெய்து மறுபடி அழைக்க வேண்டும் என்றார். நான் யாரையும் எதுவும் கேட்காமல் இணைத்தேன்.

மல்வேர்னிலிருந்து ஒரு அன்ரி: “முடிவு ஆர் எழுதினதாவது இருக்கட்டும் மாஸ்ரர், கிசுகிசுவை மட்டும் குறைச்சுப்போடாதேங்கோ.”

அடுத்தது ஒரு ஆண்குரல்: “அப்ப இவ்வளவு நாளும் எங்களை ஏமாத்திப் பேய்க்காட்டினனீங்களோ?”

“ஓம்,” என்றார் அப்பா.

பார்க்டேல்காரர் அழைக்கவில்லை. வானொலியை நடத்திய அண்ணை, “நிகழ்ச்சியை நிப்பாட்டி ரெண்டு கிழமை பொறுப்பம் மாஸ்ரர்,” என்றார். மூன்றாவது கிழமை அந்த நேரத்தில் வீடு விற்கும் ஒருவர் பேசினார்.

அப்பாவிடம் சொல்லாமல் அண்ணையைப் போய்ப் பார்த்தேன். அப்பாவுடைய ஆங்கிலம், அவருக்குத் தெரிந்த இசையமைப்பாளர்கள், நேயர் எண்ணிக்கை எல்லாவற்றையும் வரிசையாக எடுத்துச் சொன்னேன். மாதத்துக்கு ஒருமுறை என்று அண்ணை இறங்கி வந்தார். வீட்டுக்கு ஓடிவந்து அதைச் சொன்னேன்.

அப்பா வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“எனக்கு அது வேணுமோ எண்டு என்னட்டை ஒருக்காக் கேட்டனியோ?”

இல்லை என்றேன். அவர் மற்றக் காலையும் கட்டி முடித்துவிட்டுப் போனார்.