மூலையில் நாலு டைல்ஸ்

வேலையில் சேர்ந்த முதல் வாரம், புதிதாக வாங்கிய இரண்டு பேன்ட்டுகளை நீளம் குறைக்கக் கொடுக்கப் போனபோதுதான் டெய்லர் அக்காவை முதன்முதலில் பார்த்தேன். கடை என்றால் பத்துக்குப் பத்து அறை. ஒரு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், சுவரை ஒட்டி வெட்டுமேஜை. மேஜைமேல், பள்ளிச் சீருடைத் துணிக்குப் பக்கத்தில், மஞ்சள் பெயின்ட் அடித்த இரும்பு ஸ்பிரிங் ஒன்று ஒரு சாண் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது.

என் கண் போன இடத்தைக் கவனித்துவிட்டு, என்ன படித்திருக்கிறீர்கள் தம்பி என்று கேட்டார். மெக்கானிக்கல் என்றேன். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த நாட்களில் யாராவது பேர் கேட்டால்கூடப் படிப்பையும் சேர்த்துத்தான் சொல்வேன். கம்பியின் தடிமனை அளந்து, சுற்றுகளை எண்ணி, அளவுச் சீட்டின் பின்பக்கம் கணக்குப் போட்டு, இதை ஒரு சென்டிமீட்டர் அமுக்க இத்தனை கிலோ வேண்டும் என்று சொன்னேன். அக்கா இழுப்பறையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். அதே ஸ்பிரிங், கிட்டத்தட்ட அதே எண். ஒரு கிலோதான் வித்தியாசம். பலகை வைத்து, அதன்மேல் எடைக்கற்களை அடுக்கி, இஞ்ச் டேப்பால் அளந்தாராம்.

“பரவால்ல தம்பி, உங்க கணக்கும் சரியாத்தான் வருது” என்று என் நாலு வருடப் படிப்புக்குப் பாஸ் மார்க் போட்டார்.

அக்காவின் கணவர் டைல்ஸ் போடுகிறவர். அக்கா அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார். அவர் பதிலுக்கு டெய்லரம்மா என்பார். இருவரும் சேர்ந்து வாங்கிய பழைய சின்னக் கார் ஒன்றின் உள்சாமான்களையெல்லாம் கழற்றிப் போட்டு, பந்தயக் காராக்கி வைத்திருந்தார்கள். மாதம் ஒரு ஞாயிறு, எங்கள் கிளப்பின் பந்தயம். ஓட்டுவது மேஸ்திரி. வண்டியின் சஸ்பென்ஷனை, அதாவது சக்கரங்களைத் தாங்கும் ஸ்பிரிங்குகளை, செட் செய்வது அக்கா.

தையல்காரர் கைக்கு ஸ்பானர் எப்படி வந்தது என்று எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். முதல் வருடம் ஒரு மெக்கானிக்கை வைத்திருந்தார்கள். அவர் காலி வண்டியை எடை மெஷின்கள்மேல் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்திலும் எவ்வளவு பாரம் விழுகிறது என்று பார்த்து ஸ்பிரிங்கைத் திருகிக்கொண்டிருந்தார். “ஓட்டுற ஆள் உள்ள இல்லையே, ஹேங்கர்ல தொங்குற சட்டைக்கா அளவெடுப்பாங்க?” என்றிருக்கிறார் அக்கா. மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து அக்காதான்.

அவருடைய முறையும் கடையிலிருந்து வந்ததுதான். வண்டி தடத்தில் இறங்கும்முன் நாலு டயரின் ஓரத்திலும் துணிக்குக் கோடு போடுகிற சாக்பீஸால் குறுக்குக் கோடுகள் போட்டுவிடுவார். மூன்று சுற்று ஓடி வந்ததும், எந்த டயரில் எதுவரை கோடு அழிந்திருக்கிறது என்று பார்ப்பார். அதிகம் அழிந்திருந்தால் அந்தப் பக்கம் பாரம் அதிகம், டயர் மடங்கித் தேய்கிறது. அழியவே இல்லையென்றால் அந்த டயர் சும்மா உட்கார்ந்து வந்திருக்கிறது. நான் அடுத்த மாதமே குழுவில் மூன்றாவது ஆளானேன். என்னிடம் லேப்டாப் இருந்தது. பல நேரம் சாக்பீஸ் முந்திக்கொண்டது.

அந்த சீசனின் முதல் மூன்று பந்தயங்களும் மழையில் நடந்தன. ஈரத்தில் டயருக்குப் பிடி குறைவு, வண்டி அதிகம் சாயாது. மெத்தென்ற ஸ்பிரிங்கே போதும். மேஸ்திரி ஒருமுறை ஐந்தாவதாகக்கூட வந்தார். பிறகு வெயில் வந்தது. காய்ந்த தடத்தில் டயர் தரையைக் கவ்வும், கவ்வினால் வண்டி சாயும். அதனால் அக்கா அந்த மஞ்சள் ஸ்பிரிங்குகளை மாட்டினார். இரண்டு மடங்கு விறைப்பு. உயரத்தையும் ஒரு விரல் குறைத்தார். வீட்டுக்குப் பின்னால் மேஸ்திரியே டைல்ஸ் ஒட்டிய ஷெட்டில், அவரை ஹெல்மெட்டோடு உட்காரவைத்து, நாலு சக்கரத்தையும் எடை பார்த்து முடித்தார். எண்கள் அச்சுப் போட்டதுபோல் வந்தன.

காய்ந்த தடத்தில் முதல் பந்தயம், நீண்ட வலது வளைவில் வண்டியின் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு சுழன்றது. அடுத்த பந்தயத்திலும் சுழன்றது, அதே வலது வளைவில். எங்கள் கிளப்பில், ஒரே சீசனில் மூன்றுமுறை சுழன்றால் மீதிப் பந்தயங்களுக்கு உரிமம் கிடையாது. மேஸ்திரிக்கு நாற்பத்தொன்று நடந்துகொண்டிருந்தது. ஓட்டுகிற கை போய்விட்டது, இன்னொரு தடவை சுழன்றால் ஸ்டியரிங்கையே தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். அக்கா தன் நோட்டைத் திரும்பத் திரும்பப் புரட்டினார்.

அடுத்த மாதப் பந்தயத்தன்றும் வெயில். காலையில் பயிற்சிச் சுற்று முடிந்து வண்டி வந்தது. பந்தயத்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அக்கா முட்டி போட்டு டயர்களைப் பார்த்தார். இடது பின் டயரில் சாக்பீஸ் கோடு, கம்பெனி பெயர் பொறித்த எழுத்து வரை அழிந்திருந்தது. வலது பின் டயரில் போட்டது போட்டபடி.

பக்கத்துக் குழுவில் ஒருவர் உண்டு, எல்லோரும் பெயின்ட் என்பார்கள். வண்டிக்கு மாதம் ஒரு கலர் அடிப்பார். அவர் எட்டிப் பார்த்து, “என்னக்கா, ஒரு பக்கம் மட்டும் டைட்டா தச்சிட்டீங்களா?” என்றார்.

“உன் வண்டி மாதிரி தொளதொளன்னு விடுறதுக்கு எனக்கு எதுக்குடா கடை?” என்றார் அக்கா, தலையைத் தூக்காமலே.

நான் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்பட்டேன். கழற்றி அமுக்கிப் பார்த்தோம், சரியாக இருந்தது. சஸ்பென்ஷன் கம்பிகள் வளைந்திருக்குமா என்று அளந்தோம். வளையவில்லை. அரை மணி நேரம் போனதுதான் மிச்சம். மேஸ்திரி ஓரமாக ஒரு டயர்மேல் உட்கார்ந்து, வண்டியில் ஒன்றும் இல்லை, ஓட்டுகிறவனிடம்தான் கோளாறு என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா இடது பின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

“மேஸ்திரி, நம்ம ஷெட்டைக் கழுவி விட்டா தண்ணி எங்க போகுது?”

“எங்க போகும், அந்த மூலையில ஓட்டை வழியாத்தான்.”

“தானா போகுதா?”

“பின்ன? தண்ணி நின்னா அது டைல்ஸ் வேலையா? கடைசி நாலு டைல்ஸுக்கு நான் வாட்டம் குடுத்து…”

அவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

தண்ணீர் ஓடுவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவைத்தான் வாட்டம் என்பார்கள். மேஸ்திரி போட்ட தரையில் கோலியை வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும் என்று ஊரே சொல்லும். அதனால் அக்கா தரை மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை நடுவில் மட்டும் வைத்துப் பார்த்து விட்டிருந்தார். நானும் கேட்கவில்லை. மூலையில் இருந்த அந்த நாலு டைல்ஸ்மேல்தான் எப்போதும் வண்டியின் இடது பின் சக்கரம் நின்றது. மூன்று சக்கரம் சமதளத்தில், நாலாவது பள்ளத்தில். பள்ளத்தில் நின்ற சக்கரம் எடை குறைவாகக் காட்ட, அக்கா அந்த ஸ்பிரிங்கை ஏற்றி ஏற்றிச் சரிசெய்திருக்கிறார். மெத்தென்ற ஸ்பிரிங் இருந்தவரை அந்தத் தப்பைப் பொறுத்துக்கொண்டது. விறைப்பான ஸ்பிரிங் பொறுக்கவில்லை.

“எட்டு மில்லி இறக்கம்” என்றார் மேஸ்திரி. “நானே கையால வச்சது.”

“அப்போ உங்க கை எங்கயும் போகலை. ரொம்ப நல்லா இருக்கு, அதான் பிரச்சினை” என்றார் அக்கா. “எந்திரிங்க. இங்க ஒரு தரை வேணும்.”

நாங்கள் நின்ற இடம் ஜல்லியும் தாருமாக மேடு பள்ளம். மேஸ்திரியின் வேனில் ஞாயிற்றுக்கிழமையும் அவர் தொழில் சாமான் இருக்கும். தண்ணீர் நிரப்பிய நீளமான டியூப்பை எடுத்து ஒரு முனையை என் கையில் கொடுத்தார். வெட்டி மிஞ்சிய டைல்ஸ் துண்டுகளை, தடிமன் பார்த்துப் பார்த்து, கொண்டுவந்திருந்த நாலு எடை மெஷின்களுக்கு அடியிலும் அடுக்கினார். ஒரு இடத்தில் அட்டைத் துண்டு, இன்னொரு இடத்தில் மடித்த பேப்பர். இருபது நிமிடம். டியூப்பில் தண்ணீர் நாலு மூலையிலும் ஒரே கோட்டில் நின்றது. நான் தொழிற்சாலையில் விலையுயர்ந்த கருவிகளை வைத்து அளக்கிறவன். இவ்வளவு சீக்கிரம் எனக்கு வராது என்பதை எழுதத் தயக்கமில்லை.

வண்டியை அவற்றின்மேல் ஏற்றி, மேஸ்திரியை உள்ளே உட்காரவைத்தோம். நேரம் போகிறதே, அவர் எடைக்கு நான் உட்காரட்டுமா என்று கேட்டேன். உங்கள் பேன்ட்டை அவருக்குப் போட்டுவிடட்டுமா என்று அக்கா திருப்பிக் கேட்டார். இடது பின் சக்கரத்தில் பன்னிரண்டு கிலோ அதிகம். ஸ்பிரிங்கை எத்தனை சுற்று இறக்க வேண்டும் என்று நான் கணக்குப் போட்டேன், நாலு என்று வந்தது. அக்கா நாலு திருகினார். இந்த முறை லேப்டாப் முந்தியது.

பந்தயத்துக்கு நேரமாகிவிட்டது, ஒத்திகை பார்க்க ஒரு சுற்றுகூட இல்லை. அக்கா புதிதாக சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு, கார் ஜன்னலில் குனிந்து, “வலது வளைவுல காலை எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா என்னை நம்பலைன்னு அர்த்தம்” என்று மட்டும் சொன்னார்.

நாங்கள் வேலியோரம் அந்த நீண்ட வலது வளைவிலேயே போய் நின்றோம். முதல் சுற்றில் அவர் லேசாகக் காலை எடுத்தது எஞ்சின் சத்தத்தில் தெரிந்தது. அக்கா உதட்டைக் கடித்தார். இரண்டாவது சுற்றில் சத்தம் குறையவே இல்லை. வண்டி இடப்பக்கம் சாய்ந்து, அப்படியே உட்கார்ந்து, தடத்தைப் பிடித்துக்கொண்டு போனது. எட்டாவது சுற்று வரை அப்படித்தான். நாலாவதாக முடித்தார். பின் டயர்கள் இரண்டிலும் கோடு ஒரே அளவுக்கு அழிந்திருந்தது. பெயின்ட் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, அந்த எடை மெஷின்களை இன்னும் கலைக்கவில்லையே என்று கேட்டார்.

அந்த வாரமே மேஸ்திரி ஷெட் மூலையிலிருந்த நாலு டைல்ஸையும் பெயர்த்து மட்டமாக ஒட்டினார். அவர் கையால் தண்ணீர் தேங்கும்படி போட்ட தரை அது ஒன்றுதான். கழுவிவிட்டால் அவரே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்த் தள்ளிவிடுகிறார்.

அக்கா அதே கடையில்தான் இருக்கிறார். வார நாட்களில் சீருடையும் திரைச்சீலையும் தைக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று வண்டிகளுக்கு சஸ்பென்ஷன் செட் செய்கிறார். அதில் ஒன்று பெயின்ட்டுடையது, இந்த மாதம் பச்சை.