குறுக்கே நின்றவர்

பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவில் யாருக்கும் அவரைத் தெரியாது. ‘நிதானம்’ என்றால் சின்னக் குழந்தைகூடக் கைகாட்டும். பேருந்து நிலையத்துக்குப் பின்சந்தில் இரண்டு நாற்காலி போட்ட சலூன் அவருடையது. அவர் ஒரு முகத்தைச் சவரம் செய்து முடிப்பதற்குள் வாடிக்கையாளர் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். வம்புதும்புக்குப் போகாத மனிதர். வெளியே யாராவது குரலை உயர்த்தினால், ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவைப்பார்.

ஒரு நாள் சினிமாக்காரர்கள் வந்தார்கள். ரவுடிக் கும்பல்களை ஒவ்வொன்றாக வேரறுக்கும் போலீஸ் அதிகாரியின் கதை. கும்பல் தலைவனைச் சலூனில் வைத்துச் சுட வேண்டும். சவரக்காரராக நடிக்க இருந்தவர் காய்ச்சலில் படுத்துவிட்டதால் டைரக்டர் நிதானத்தையே பிடித்துக்கொண்டார்.

“போலீஸ் உள்ள வந்ததும் கத்தியப் போட்டுட்டு வெளிய ஓடிடணும். அவ்வளவுதாண்ணே.”

தலைவனாக நடித்தவர் நாற்காலியில் சாய்ந்தார். நிதானம் நுரை பூசித் தாடையடியில் கத்தியை வைத்தார். கதவு படாரென்று திறந்தது. கதாநாயகன் துப்பாக்கியை நீட்டினார். நிதானம் ஓடவில்லை. ஓர் எட்டு நகர்ந்து, துப்பாக்கிக்கும் நுரை பூசிய முகத்துக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார்.

“கட்! ஓடச் சொன்னேனேண்ணே?”

“ஓடத்தான் சார் நினைச்சேன்.”

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் கால் தானாகப் போய் அங்கேயே நின்றது. கதாநாயகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டைரக்டர் மோவாயைத் தடவிக்கொண்டு யோசித்தார். “சரி, இருக்கட்டும். இவரத் தள்ளிவிட்டுட்டுச் சுடுங்க.”

வீட்டில் சொன்னபோது மனைவி கையிலிருந்த துணியை அப்படியே கீழே வைத்தாள்.

“எங்கண்ணன் நம்ம வீட்டுக்குள்ள வந்து என்னைக் கண்டபடி திட்டினப்போ நீங்க பின்பக்கமா நழுவிட்டீங்க. முன்னபின்ன தெரியாத ரவுடிக்குக் குறுக்க நின்னீங்களாக்கும்?”

“நடிப்புதானேம்மா.”

“நடிப்புன்னா ஓடியிருக்கணும்.”

ஏன் ஓடவில்லை என்று அவருக்கு ராத்திரியெல்லாம் யோசித்தும் பிடிபடவில்லை.

படம் ஓடியது. தெருவே போய்ப் பார்த்தது. “ரவுடிக்குப் போய் உயிரக் கொடுக்கிறியேய்யா” என்று சிலர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். வேறு சிலர், யாரென்றே தெரியாத தடியன்கள், கடைவாசலில் நின்று வணக்கம் போட்டுவிட்டுப் போனார்கள். எதற்குத் தலையாட்டுவது, எதற்குத் தலைகுனிவது என்று அவருக்கு விளங்கவில்லை.

பிறகு கொக்கியிடமிருந்து ஆள் வந்தது. கொக்கி என்றால் அந்த வட்டாரத்தின் நிஜமான கும்பல் தலைவன். திரைச்சீலை மூடிய மூன்றாம் மாடி அறையில், தாடி நெஞ்சுவரை தொங்க உட்கார்ந்திருந்தான். கழுத்துக்குப் பக்கத்தில் எவனையும் கத்தியோடு விட அவனுக்குத் துணிச்சல் இல்லை.

“படம் பார்த்தேன். என்கிட்ட இத்தனை பேர் தின்னுட்டு இருக்கானுங்க, ஒருத்தனும் அப்படி நிக்க மாட்டான். நீ ஏன் நின்ன?”

“தெரியலண்ணே.”

“காரணம் தெரியாம நின்னவனைத்தான் நம்பலாம். எடு கத்திய.”

தாடிக்கு அடியில் பிள்ளைமுகம் ஒன்று இருந்தது. பாதிச் சவரத்தில் கொக்கி குறட்டைவிட்டான். அதிலிருந்து கூப்பிட்டபோதெல்லாம் போய்வந்தார்.

விஷயம் இன்ஸ்பெக்டர் காதுக்கு எட்டியது. சாதாரண உடையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவன் எப்ப எங்க இருப்பான்னு எங்களுக்குத் தெரியல. அடுத்த தடவை கூப்பிட்டா எனக்கு ஒரு போன் போடுங்க.”

நிதானம் நுரையைக் குழைத்தார்.

“தெருமுனை டெய்லர் காலை உடைச்சது யாருன்னு தெரியுமில்ல?”

தெரியும். கட்டுப்போட்டுப் படுத்திருந்த டெய்லருக்கு வீட்டுக்கே போய்ச் சவரம் செய்தவர் அவர்தான்.

“சொன்னா துரோகம், சொல்லலைன்னா பாவம்” என்றார் மனைவியிடம்.

“இருதலைக் கொள்ளி எறும்பாட்டம் ஓடாதீங்க. எங்கயாவது ஒரு இடத்துல நில்லுங்க” என்றாள்.

அடுத்த அழைப்பு வந்தது. இன்ஸ்பெக்டர் எண்ணை அழுத்தினார். மணி அடிக்குமுன் துண்டித்தார். மறுபடி அழுத்தினார், மறுபடி துண்டித்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு மாடியேறினார். நுரை பூசிக் கத்தியைத் தொண்டையருகே கொண்டுபோனபோதுதான் வாய் திறந்தது.

“அண்ணே, போலீஸ் உங்களைப் பத்தி என்கிட்ட கேட்டாங்க. நான் சொல்லல. ஆனா இனிமே வரமாட்டேன். டெய்லரும் என் வாடிக்கைதான்.”

கொக்கி அசையவில்லை. அவன் கண் மட்டும் கத்தியைப் பார்த்தது. அப்போதுதான் நிதானமும் தன் கையைப் பார்த்தார். மிரட்டுவதுபோல் ஆகிவிட்டதே என்று உறைத்தது.

“முடிச்சிட்டுப் போ” என்றான் கொக்கி, உதடு அசையாமல்.

வழக்கத்தைவிட மெதுவாக முடித்துவிட்டு இறங்கினார்.

சில வாரம் கழித்து, பல் வைத்தியரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தபோது கொக்கி பிடிபட்டான். பெயர் சொல்லாத ஒரு போனில் துப்பு வந்ததாகப் போலீஸ் சொன்னது. ஆனால் இன்ஸ்பெக்டர் நடுத்தெருவில் ஜீப்பை நிறுத்தி நிதானத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார். டெய்லர் நொண்டிக்கொண்டே வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“எனக்காகப் பண்ணியிருக்கே.”

“சத்தியமா நான் இல்லப்பா.”

“அப்படித்தான் சொல்லணும். நான் யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்.”

எத்தனை பேரிடம் மறுத்தாரோ, அத்தனை பேரும் கண்ணடித்தார்கள். கொக்கியின் ஆட்கள் வந்து கடையை நொறுக்குவார்கள் என்று பயந்து நாற்காலிகளை உள்ளறையில் போட்டுப் பூட்டினார். ஒருவரும் வரவில்லை. வக்கீல் ஒருவர்தான் வந்தார், சிறையிலிருந்து கொக்கி சொல்லியனுப்பிய ஒற்றை வாக்கியத்தோடு: “நீ இல்லன்னு எனக்குத் தெரியும்.”

அன்று கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வீட்டுக்குப் போனார். மனைவி எல்லாவற்றையும் கேட்டாள்.

“ஒருத்தனாவது நம்பினான்னு சந்தோஷமா இருக்கா?”

“இருக்கு. அது அவனாப் போச்சேன்னு அசிங்கமாவும் இருக்கு.”

“ரெண்டும் எப்படிங்க ஒண்ணா இருக்கும்?”

“அதத்தான் உன்கிட்ட கேக்கலாம்னு வந்தேன்” என்றார் நிதானம்.