சந்தனம் பூசிய தொடுதிரை

செல்போனிலேயே தொடுதிரையை அபூர்வமாகப் பார்த்த காலத்தில், என் வீட்டுக்காரர் அது வைத்த காரை வாங்கிவந்தார். பிள்ளையார்பாளையத்தில் ஜரிகைக் கடை வைத்திருப்பவருக்கு, சென்னைப் பணக்காரர் யாரோ ஓட்டிச் சலித்த வெளிநாட்டுக் கார் எதற்கு? அல்பனுக்குப் பவிசு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பானாம். இவர் பட்டப்பகலில் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "தொட்டுப் பாருப்பா, சும்மா தொடு" என்பார். பாட்டும் அதில்தான், ஏசியும் அதில்தான். திருகுவதற்கு ஒரு குமிழ்கூடக் கிடையாது. எங்கள் வீட்டு மின்விசிறிக் குமிழைக் கல்யாணமான நாளிலிருந்து திருகுகிறேன், இன்னும் உழைக்கிறது. சொன்னால் என்னைப் பட்டிக்காடு என்பார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குத் தராசு, கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டுக் காருக்கு வந்தார். ஊரில் எல்லாரும் முன்பக்கத்திலும் சக்கரத்திலும் வைப்பார்கள். இவரோ, காரிலேயே விலை கூடியது அதுதான் என்று, குழைத்த சந்தனத்தைத் திரை முழுக்கப் பட்டையாக இழுத்து நடுவில் குங்குமமும் வைத்தார். சந்தனத் தண்ணீர் ஓரத்து இடுக்கில் இறங்கியது. மறுநாள் காய்ந்து ஒட்டிக்கொண்டதைப் பாத்திரம் தேய்க்கிற நாரால் சுரண்டினார். நாரால்! தலையில் அடித்துக்கொண்டேன். திரை கறுத்துப்போய், அதோடு ஏசியும் பாட்டும் போயின.

"கண்ணாடிய மட்டும் மாத்த முடியாது சார். மொத்த செட்டும் வெளிநாட்டுல இருந்து வரணும்" என்றார் சென்னை மெக்கானிக். அவர் சொன்ன விலைக்குப் புது ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

என்னிடம் ஒரு ஸ்கூட்டர் இருந்தது. மாகறல் பள்ளியில் வாத்தியார் வேலை பார்த்த நான் என் சம்பளத்தில் வாங்கியது. பதிவு மட்டும் அவர் பெயரில். அப்போதெல்லாம் அப்படித்தான் செய்வோம். பஸ்ஸை நம்பினால் பிரேயருக்குப் போய்ச் சேர முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்த் திரும்பினால் வாசலில் ஸ்கூட்டரைக் காணோம்.

"பழசாயிட்டுது இல்ல, வித்துட்டேம்மா. ஸ்க்ரீனுக்குக் கொறஞ்சத நான் போட்டுக்கினேன். இந்த வாரமே வந்துடும்" என்றார், நல்ல சேதி சொல்வதுபோல.

"நான் ஸ்கூலுக்கு எப்படிப் போறதுங்க?"

"பஸ் இருக்குது இல்ல?"

எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்பாக இருந்தது. ஒரு வாரம் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், தினமும் தாமதமாகி, தலைமை ஆசிரியரிடம் பேச்சு வாங்கினேன்.

புதுத் திரை பொருத்திய மறுநாள் காலை, கார் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். லைசென்ஸ் எனக்கும் இருந்தது, அவர்தான் ஓட்ட விட்டதில்லை. முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார்.

"அது உனக்கு ஆகாதும்மா. எதையாவது தொட்டுடுவே. அப்புறம் நான் எப்படிக் கடைக்குப் போறது?"

"ஒண்ணையும் தொட மாட்டேன். நீங்க நடந்து போங்க."

நாலு ஜன்னலையும் இறக்கிவிட்டு ஓட்டினேன். மாகறல் ரோட்டை அப்போது வெட்டிப் போட்டிருந்தார்கள். ஜல்லியும் செம்மண்ணும்தான். லாரிகளுக்குப் பின்னாலேயே போனேன். பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் புதுத் திரை புழுதியில் சிவந்துபோயிருந்தது. அதைத் துடைக்காமல் இறங்கி, பிரேயருக்குப் போய் நின்றேன்.