பாடு முடிந்த கவிதை

அந்தச் சார்ட்டை வரைந்தது நான்தான். யாரும் சொல்லி வரையவில்லை. பெரிய வெள்ளைத்தாளில் பழவேற்காடு ஏரியை வரைந்து, பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடங்கள் ஒவ்வொன்றையும் ஏரிக்குள் ஒரு மீன்பிடி இடமாகக் குறித்தேன். எந்தப் பாடத்திலிருந்து எந்த ஆண்டு பொதுத்தேர்வில் கேள்வி வந்தது என்பதை ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன். வகுப்பின் பின்சுவரில் ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி ஆண்டு அது.

நான் எப்போதும் இப்படி இருந்தவன் இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் டேப் ரெக்கார்டரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து ஆங்கிலக் கவிதைகளைக் கேட்க வைத்திருக்கிறேன். பிள்ளைகளை ஜன்னலோரம் நிறுத்தி, வெளியே தெரியும் படகுகளைப் பற்றி ஆளுக்கொரு ஆங்கில வாக்கியம் சொல்லச் சொல்லியிருக்கிறேன். தப்பாகச் சொன்னாலும் விடுவேன். இலக்கியம் படித்துவிட்டு வந்தவன், அதைக் கொடுக்காமல் போகக் கூடாது என்ற எண்ணம் இருந்தது. பிறகு தேர்ச்சி விகிதம் பேசும் கூட்டங்கள் வந்தன. எல்லா ஆசிரியர்களின் முன்னிலையிலும் எழுந்து நின்று, "ஆங்கிலத்தில் ஏன் இத்தனை பேர் போனார்கள்" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை நின்றேன். மறுமுறை நிற்க என்னால் முடியாது என்று அன்றே முடிவு செய்துவிட்டேன். அதற்குப் பின் என் பையில் இருந்ததெல்லாம் தேறுவதற்கு மட்டும் போதுமானதைத் தொகுத்து ஜெராக்ஸ் எடுத்த மினிமம் மெட்டீரியல், பழைய வினாத்தாள்கள், எந்தக் கேள்விக்கும் பெயரை மட்டும் மாற்றி எழுதிவிடக்கூடிய ஒரு பொதுப் பத்தி.

ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. இறால் கிடைக்கும் இடங்களை ஊர்ப் பெரியவர்கள் பங்கு பிரித்து வைத்திருப்பார்கள். இன்றைக்கு இந்த இடம் இந்தக் குடும்பங்களுக்கு, நாளைக்கு வேறு குடும்பங்களுக்கு. ஒருவருடைய பாடு முடிந்துவிட்டால் சுற்று முழுவதும் வந்த பிறகுதான் மறுபடி அந்த இடத்தில் அவர்கள் வலை போடலாம். இதை யாரும் மீறிப் பார்த்ததில்லை. ஏரிக்குள் இருக்கும் பசியாவரம் தீவுப் பையன்கள் தங்கள் வீட்டுப் பாடு வரும் நாளில் வகுப்புக்கு வர மாட்டார்கள். முதலில் எனக்குக் கோபம் வரும். பிற்பாடு நானே அவர்களிடம் அந்தக் கணக்கைக் கேட்டு, அதற்கேற்பத் தேர்வு வைக்கப் பழகினேன். அப்படிக் கேட்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வினாத்தாளும் பாடு முறையில்தான் போகிறது என்று சொன்னால் இந்தப் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

புரிந்தது. வேண்டிய அளவுக்கு மேலேயே புரிந்தது.

"அப்ப போன வருசம் வந்த பாடம் இந்த வருசம் வராதா சார்?" என்று ஒருவன் கேட்டான்.

"அதன் பாடு முடிந்துவிட்டது. சுற்று வரும் வரைக்கும் வராது" என்றேன்.

"கொஸ்டின் பேப்பர் எட்றவன் நம்ம ஆளு போல மச்சான்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

"பெரியவங்க குந்திப் பேசி முடிச்சிருப்பாங்கடா. இன்னா சார், மீறினா தண்டம் இன்னானு எழுதிக் கீதா?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். சுண்ணாம்புக்குளத்துக்கு அப்பால், ஏரிக்கரையை ஒட்டிய குடிசைகளிலிருந்து வருகிறவள். அவர்களுக்குப் படகும் இல்லை, வலையும் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போட ஓலைப் பறியைப் பல்லால் கடித்துத் தொங்கவிட்டுக்கொள்வார்கள். அந்தக் குடிசைகளிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்த முதல் பெண் அவள். தேறினால் பொன்னேரியில் கல்லூரி. இல்லாவிட்டால் தண்ணீர். இது எனக்குத் தெரியும். அவளுடைய அம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"எங்களுக்குப் பாடு கெடையாது சார்" என்றாள்.

"ஒங்களுக்கு இன்னாத்துக்குப் பாடு? நண்டு நாள் பார்த்தா வருது?" என்றான் முன்வரிசைப் பையன்.

"அதான் நானும் சொல்றேன்" என்று அவனுக்குப் பதில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். "எது எங்க கீதுனு எங்களுக்குத் தெரியாது சார். மொத்த எடமும் தடவினாத்தான் எறா. நான் எல்லாப் பாடமும் படிச்சிக்கறனே."

"நேரம் எங்கே இருக்கிறது? உட்கார்" என்றேன்.

உட்கார்ந்துவிட்டாள்.

அத்தோடு நான் நிறுத்தவில்லை. பாடு முடிந்த பாடங்களின் மேல் பிள்ளைகளின் கண் போகக் கூடாது என்று, அந்தப் பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளரால் பின் அடிக்கச் சொன்னேன். ஒவ்வொருவரின் புத்தகத்தையும் வாங்கிச் சரி பார்த்தேன். அவளுடைய புத்தகத்தில் ஒரு கவிதை மட்டும் பின் அடிக்காமல் இருந்தது. கரையில் விளக்கு வைத்துக்கொண்டு படகுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய கவிதை.

"சார், அந்த ஆளு திரும்பி வந்தானா இல்லியானு எழுதினவரு சொல்லவே இல்லியே. ஏன் சார்?" என்று கேட்டாள்.

டேப் ரெக்கார்டர் காலத்தில் இப்படி ஒரு கேள்வி கிடைத்திருந்தால் அந்த வாரம் முழுவதும் அதையே நடத்தியிருப்பேன். அன்றைக்கு நான் செய்தது, அவள் கையிலிருந்து புத்தகத்தை வாங்கி, மேசை மேல் வைத்து, அந்தப் பக்கங்களில் நானே பின் அடித்ததுதான்.

"இதன் பாடு போன வருடமே முடிந்தது" என்றேன்.

அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளும் என் ஊகம் ஓரளவு சரியாக இருந்தது. அந்த ஆண்டு முழுக்கத் தப்பிற்று. மனப்பாடப் பகுதியில் அந்தக் கவிதை. பெரிய வினாவிலும் அதுவே. உரைநடையிலும் பின் அடித்த பக்கங்களிலிருந்தே வந்திருந்தது. பசியாவரத்துப் பையன்களும் லைட்ஹவுஸ் குப்பத்துப் பையன்களும் பொதுப் பத்தியைப் பெயர் மாற்றி எழுதி, தாளை நிரப்பிவிட்டு வந்தார்கள். அனேகமாக எல்லாரும் கரையேறிவிட்டார்கள். அவள் அந்தக் கேள்விகளை வெள்ளையாக விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"வெள்ளையாக விடாதே என்று எத்தனை முறை சொன்னேன்?" என்று தேர்வு முடிந்த அன்றே பள்ளி வாசலில் வைத்துக் கடிந்துகொண்டேன்.

"படிக்காதத எப்டி சார் எழுதறது?"

சொற்ப மதிப்பெண் வித்தியாசத்தில் ஆங்கிலத்தில் மட்டும் போனாள். தலைமையாசிரியர் விகிதத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குச் சால்வை போர்த்தி வழியனுப்பினார்கள். அந்தச் சால்வையோடு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. துணைத்தேர்வு இருந்தது. அதற்குள் அவளைத் தயார் செய்துவிட்டால் கல்லூரியில் கடைசி நேரத்திலாவது சேர்த்துவிடலாம். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புக்குளத்துக்குப் பேருந்து ஏறினேன்.

அவளுடைய அம்மா கரையில் குந்தியபடி நண்டுகளின் காலைக் கட்டிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"யாரு, இங்கிலீசு சாரா? வா சார், குந்து. நாற்காலிதான் கெடையாது" என்றாள்.

"பொண்ணு எங்கேம்மா?"

"தண்ணில கீது. வேற எங்க இருக்கும்?" என்று கையைக் காட்டினாள். "ரெண்டு வருசமா எறங்காத வெச்சிருந்தேன் சார் அத்த. எழுதற கை, சேத்துல வெக்காதம்மேனு. இப்ப அதுவா எறங்கிடுச்சி."

சொல்லிவிட்டு அடுத்த நண்டை எடுத்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மகள் கழுத்து வரை நனைந்து கரையேறி வந்தாள். பல்லில் கடித்திருந்த பறியை எடுத்துக் கீழே வைத்த பிறகு, "வணக்கம் சார்" என்றாள். துணைத்தேர்வைப் பற்றிச் சொன்னேன். தினமும் வந்து நானே சொல்லித் தருகிறேன் என்றேன். அவள் முகத்தில் கோபமே இல்லை.

"சரி சார். இந்தத் தபா எது வரும்னு சொல்லு. அத்த மட்டும் படிச்சிடறேன்."

இதை எதிர்பார்த்து நான் வரவில்லை. "எது வரும் என்று எனக்குத் தெரியாது" என்றேன்.

"போன தபா தெரிஞ்சுதே சார்."

"அப்போதும் தெரியாது."

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாதான் பேசினாள். "தெரியாதுன்னா அன்னிக்கு இன்னாத்துக்கு சார் சொன்னே? எங்க கொழந்திங்க நீ சொன்னா சாமி சொன்ன மாதிரி கேக்குமே."

எல்லாவற்றையும் படித்துவிடுவோம், ஒரு பக்கம்கூட விடாமல், என்று கெஞ்சினேன். கெஞ்சினேன் என்பதுதான் சரியான சொல். அம்மா மகளைப் பார்த்தாள். மகள், "சரி சார்" என்றாள். வகுப்பில் உட்கார் என்றபோது உட்கார்ந்த அதே மாதிரி.

அங்கிருந்த பால்வாடி மூடிய பிறகு அதன் வாசற்படியில் உட்கார்ந்து படிப்போம். முதல் நாள் அவள் புத்தகத்தை வாங்கி, நான் அடித்த பின்களையெல்லாம் நகத்தால் நிமிர்த்தி எடுத்தேன். சில இடங்களில் தாள் கிழிந்தது. காலையெல்லாம் தண்ணீரில் கிடந்துவிட்டு வருவாள். கிளிஞ்சல் அறுத்த விரல்கள் உப்பில் ஊறி வெளுத்திருக்கும். பேனாவைப் பிடித்தால் எரியும் போல, அடிக்கடி கையை உதறுவாள். நான் சார்ட் எதுவும் கொண்டுபோகவில்லை. வாசித்துக் காட்டினேன், சொந்தமாக எழுதச் சொன்னேன், பழைய ஜன்னல் பாடத்தைப் போல எதிரே தெரிந்த தண்ணீரைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். அவள் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்.

"இது முக்கியமா சார்?"

"எல்லாமே முக்கியம்தான்."

"எல்லாத்தயும் இப்டியே சொல்றே. நேரம் எங்க சார் கீது?"

என் வாயிலிருந்து போன சொல்தான் திரும்பி வந்தது. அவள் அதைக் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

அந்தக் கவிதைக்கு வந்தபோது எனக்கு ஒரு நப்பாசை. அன்று அவள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்வோம் என்று, அந்த ஆள் திரும்பி வந்தானா என்பதைக் கவிதை ஏன் சொல்லாமல் விட்டது என்று நானே எடுத்துப் பேசினேன். காத்திருப்பவளுக்கும் அது தெரியாதல்லவா, வாசிப்பவரையும் அவளோடு கரையில் நிறுத்துகிறது அல்லவா என்றேன். அவள் கொட்டாவியை அடக்கிக்கொண்டாள்.

"நீ கேட்டதுதான்" என்றேன்.

"நானா சார்? எப்போ?" என்றாள்.

தேர்வு மையம் பொன்னேரியில். நான் முன்னதாகவே போய் எதிர்ச்சாரியில் ஒரு வேப்பமர நிழலில் நின்றேன். மணி அடித்து எல்லாரும் வெளியே வந்தபோது அவள் கடைசியாக வந்தாள்.

"எப்படி எழுதினாய்?"

"கொஞ்சம் எழுதினேன் சார்."

"கவிதையில் எது வந்தது?"

"அந்த வெளக்குக்காரம்மா கவிதைதான் சார். மறுபடியும் அதே."

எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். "நாம் படித்தோமே. எழுதினாய் அல்லவா?"

அவள் புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். அந்தக் கவிதையின் பக்கங்கள் சேர்த்து ஒரு கொண்டை ஊசியால் செருகப்பட்டிருந்தன.

"நீ நடத்தறப்போ கேட்டேன் சார். ஆனா போன பரீச்சைலதான வந்துது, அதும் பாடு முடிஞ்சிட்டிருக்கும்னு நானே வுட்டுட்டேன். திருப்பிப் படிக்கவே இல்ல. எழுத ஒண்ணும் வரல."

யார் மேலும் குறை சொல்கிற குரல் இல்லை அது. கணக்குத் தவறிவிட்டது, அவ்வளவுதான் என்பது போலச் சொன்னாள். பாடே இல்லாத வீட்டுப் பெண் அவள். எல்லா இடத்தையும் தடவிப் பார்க்கிறேன் என்று எழுந்து நின்றவள். அவளிடமிருந்து அதை நான் எடுத்துக்கொண்டேன். பின்னை எடுத்த பிறகும் அது திரும்பி வரவில்லை.

முடிவு வந்தது. மறுபடியும் ஆங்கிலம் போயிருந்தது. கல்லூரிச் சேர்க்கையும் முடிந்துவிட்டது. அடுத்த தேர்வுக்காவது விண்ணப்பிக்கலாம் என்று சொல்ல மறுபடியும் சுண்ணாம்புக்குளம் போனேன். ஏரியில் தண்ணீர் வற்றியிருந்த நேரம். பெண்கள் வரிசையாக, குனிந்து, தண்ணீருக்குள் கைகளை விட்டு நகர்ந்துகொண்டிருந்தார்கள். அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். பல்லில் பறி இருந்ததால் அவள் ஏதும் சொல்லியிருக்கவும் முடியாது.

நான் கரையிலேயே நின்றேன். வெயில் தாழ்ந்தது. அவர்கள் வரிசை இன்னும் உள்ளே தள்ளிப் போய்விட்டது. அம்மா கூடையோடு என்னைக் கடந்து போனாள்.

"அது வராது சார். நீ கெளம்பு, கடசி பஸ்ஸு போய்டும்" என்றாள்.

கிளம்பினேன்.