ஆயுத பூஜையன்று ஓர் ஆன்லைன் தேர்வு

அப்போது குரோம்பேட்டைக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருந்தேன். மாணவர்கள் வீட்டிலிருந்தே புரோகிராமிங் தேர்வு எழுத, ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் ஒன்றை இறக்கி லேப் சர்வரில் ஓடவிட்டேன். விடை திருத்தி மார்க்கும் அதுவே போடும். துறைத்தலைவருக்கு ஒரே கவலை, பையன்கள் காப்பியடிப்பார்களாம். ஆனாலும் பெரிய மனது வைத்து, வகுப்பு கெடாத விடுமுறை நாளாகப் பார்த்து, ஆயுத பூஜையன்று தேர்வு வைத்தார்.

அன்று காலை, சைட் திறக்கவில்லை என்று கோவிலம்பாக்கத்து பிரவுசிங் சென்டரிலிருந்து, வீட்டில் நெட் இல்லாத ஒரு மாணவன் போன் செய்தான். லேபுக்கு ஓடினேன். சந்தனமும் குங்குமமும் பூசிக்கொண்டு சர்வர் ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. தலைவர் பொரி மென்றுகொண்டிருந்தார்.

“பூஜை போட்ட மெஷினை இன்னிக்கு ஓட்டக் கூடாது சார். ஆஃப் பண்ணிட்டேன்.”

“ஒருத்தனாலகூட எழுத முடியலையே சார்!”

“அப்போ ஒருத்தன்கூடக் காப்பியடிக்கலை. சூப்பர் சாஃப்ட்வேர் சார் உங்களுது!”