கிடங்கில் பூட்டிய கருக்கரிவாள்

கல்லூரித் தோட்டத்தில் இருபத்திரண்டு வருடம் களையெடுத்தவளுக்கு மேற்பார்வையாளர் பதவி வந்தபோது, அவளைவிட அவள் கணவருக்குத்தான் தலைகால் புரியவில்லை. தையல் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "நம்ம வீட்டம்மாவுக்கு நாற்காலி போட்டாச்சு" என்று சொல்லிக்கொண்டே அளவெடுத்தார். இரண்டு சட்டைகளுக்குக் கை நீளம் மாறிப்போனது.

அவளுக்கு இடக்கைப் பழக்கம். எல்லோருக்கும் அவள் 'இடக்கை அக்கா'. கடையில் கிடைக்கும், புல் அறுக்கும் பல்வைத்த கருக்கரிவாள் அவள் கையில் புல்மேல் வழுக்கும். அதனால் கல்லூரிச் செலவில், பல்லை மறுபக்கம் வெட்டச் சொல்லிக் கொல்லரிடம் தனியாக ஒன்று செய்து வாங்கியிருந்தாள். களைக்கொத்து, செடி வெட்டும் கத்தரி எது கேட்டாலும் கொடுப்பாள்; அதை மட்டும் யாரையும் தொடவிடமாட்டாள்.

பதவி வந்த அன்றே அதைக் கிடங்கில் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. மேற்பார்வையாளருக்குக் கருவி கிடையாதாம். பதிலுக்கு ஒரு விசில் கொடுத்தார்கள்.

நாற்காலியில் பத்து நிமிடம்கூட அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கை துறுதுறுவென்றது. எழுந்துபோய் ஒருத்தி கொத்தும் இடத்தில் நிற்பாள். இன்னொருத்தி கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கி நாலு வெட்டு வெட்டிவிட்டுத் திரும்புவாள். வீட்டில், கணவர் தைத்துவைத்த துணிகளில் நூல் பிசிறுகளைப் பிய்த்தாள். பிசிறு தீர்ந்ததும் ஒரு பொத்தான் கையோடு வந்தது.

தினமும் ஏதாவது சாக்கில் கிடங்குக்குப் போனாள்.

"அது ஆணியிலதான் தொங்குதும்மா. ஓடியா போகப்போவுது?" என்றார் கிடங்குக்காரர்.

"துரு ஏறுதான்னு பார்த்தேன்."

மூன்றாவது வாரம் அவர் கிடங்கைப் பூட்டாமல் டீ குடிக்கப் போன நேரத்தில் அதை எடுத்துக்கொண்டாள். நேராகப் பின்சுவர் ஓரம் போனாள். இடுப்பளவு புல். குனிந்தவள் நிமிரவேயில்லை. மூச்சு வாங்க வாங்க, அறுத்த புல் பின்னால் குவிந்துகொண்டே போனது. எத்தனையோ நாளைக்குப் பிறகு மனசு லேசானது.

அப்போதுதான் பின்னால் அலறல் கேட்டது. பூச்செடிப் பகுதியைப் பார்த்துக்கொள்பவள் வாயில் கைவைத்து நின்றாள். வெயில் படாமல் வேர்பிடிக்கட்டும் என்று புல்லுக்கு நடுவே அவள் நட்டுவைத்த செம்பருத்திக் குச்சிகள் முப்பதும் புல்லோடு புல்லாகச் சாய்ந்து கிடந்தன.

"நாப்பது நாள் தண்ணி ஊத்துனேன்க்கா! அதிகாரம் பண்ணணுமா, உக்காந்து பண்ணுங்க. வேலை செய்யணுமா, எங்களோட வந்து குனியுங்க. நடுவுல நின்னு எங்க உசுர எடுக்காதீங்க!"

இடக்கை அக்கா அரிவாளைக் கீழே போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நல்ல செடியைக்கூடத் தப்பாக வெட்டியதில்லை. ஒவ்வொரு குச்சியாக எடுத்துப் பார்த்தாள். பதினொன்று பிழைக்கும்போலிருந்தது. ஈரச் சாக்கில் சுற்றி நட்டவளிடமே கொடுத்தாள்.

"மிச்சத்த நானே நட்டுத் தரேன். மன்னிச்சுக்கோம்மா."

மறுநாள் காலை அலுவலகத்தில் விசிலை மேசைமேல் வைத்தாள்.

"சம்பளம் குறையும், தெரியுமில்ல?" என்றார் அதிகாரி.

"தெரியும் சார். எனக்கு உக்காரத் தெரியல. பழைய வேலையும் என் அருவாளும் போதும்."

வீட்டில் கணவர் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள், "கடைக்கு வர்றவங்களுக்கு நான் என்ன சொல்றது?" என்று கேட்டார்.

"கை நீளம் சரியா இருக்கான்னு கேளுங்க, போதும்" என்றாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த கோபத்தை அதற்குப் பிறகு பிடித்துவைக்க முடியவில்லை.

அந்த வாரமே அவள் பத்தொன்பது புதுக் குச்சிகளை நட்டாள். துளிர் விடும்வரை, யாரும் கேட்காமலே, தினம் மூன்று முறை போய்ப் பார்த்துக்கொண்டிருந்தாள்.